களியக்காவிளையிலிருந்து வந்த தையல் டப்பா

"எனக்க கத்திரிய வெச்சு மீன் வெட்டினது ஆரு?"

"நான்தான். கத்திரின்னா வெட்டத்தானட்டி? சாளைக்க வாலு எது, பட்டுத்துணி எதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"துணிக் கத்திரி வேற மாமி. இனி அது பட்டுல ஓடுமா? ஜெனிலாவுக்க கல்யாண பிளவுஸ மீன் நாத்தத்தோடயா தைக்கணும்?"

"உன்னைய ஆரு தைக்கச் சொன்னா? புதுக்கடை ஊருல தையல்காரனே இல்லியா? போன்ல பாத்துப் படிச்ச பெரிய தையல்காரி."

இது கதையில்லை, நடந்த சங்கதி. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். அந்த நேரம் நான் மதிலோரம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் சண்டை நடக்கும்போதெல்லாம் எனக்குக் கறிவேப்பிலை தேவைப்படும். மரம் மொட்டையாகிப் பல நாளாயிற்று. இதில் பாதியைப் பிளஸ்ஸி சொல்லிக் கேட்டேன். மீதியை என் கையாலேயே தொட்டேன்.

கத்திரியால் மீன் வெட்டியவர் தேவகனி மாமி. கத்தியவள் அவருடைய மருமகள் பிளஸ்ஸி. பிளஸ்ஸியின் கணவன் ஸ்டெனிக்குத் தோஹாவில் வேலை. ராத்திரி போனில் வரும் முகம்தான் அவளுக்குக் குடும்பம். அந்த வீட்டில் அவளை நம்பி மீன் குழம்புக்குப் புளிகூடக் கரைக்க விடமாட்டார்கள். அப்படியிருக்க, நாத்தனார் ஜெனிலா, "எனக்கு மைனி தச்சாப் போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அந்த ஒரு பிளவுஸ் நன்றாக வந்தால் அந்த வீட்டில் தனக்கும் ஓர் இடம் உண்டு; கெட்டால் ஆயுசுக்கும் இல்லை. பிளஸ்ஸி அப்படித்தான் நினைத்தாள்.

மாப்பிள்ளை செல்வதாஸுக்குக் களியக்காவிளையில் பெயிண்ட் கடை. கோவிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. இன்ன பெண்ணுக்கும் இன்ன பையனுக்கும் கல்யாணம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கேகூட ஒன்றும் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்த கையோடு மாமியும் ஜெனிலாவும் கல்யாணம் சொல்லக் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் பிளஸ்ஸி மட்டும். மத்தியானம். மழை இருட்டு. பின்னால் ரப்பர் மரங்கள். யாரையும் கூப்பிட வழியில்லாத நேரம்.

மீன் வாடை போகக் கத்திரியைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அப்போதுதான் அந்த டப்பா ஞாபகம் வந்தது. பட்டுத்துணியோடு மாப்பிள்ளையின் அம்மா கொடுத்துவிட்ட பிஸ்கட் டப்பா. "இங்க தைக்க ஆளில்ல, சும்ம கிடக்கு, நீங்க எடுத்துக்கிடுங்க" என்றிருந்தார். திறந்தாள். நல்ல கத்திரி, இஞ்ச் டேப், நூல் சுற்றிய பாபின்கள், குண்டூசி செருகிய சின்னத் தலையணை, தையல் பிரிக்கும் ஊசி. எல்லாம் யாரோ ஆசையாக வைத்திருந்த மாதிரி சுத்தமாக இருந்தன.

ஜெனிலாவின் பழைய பிளவுஸை அளவுக்கு விரித்து, நீலச் சாக்பீஸால் கோடு போட்டாள். கத்திரியை எடுக்கத் திரும்பி மறுபடி பார்த்தால், நீலக் கோட்டுக்கு உள்ளே இன்னொரு கோடு. வெள்ளை. ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி.

அவளிடம் வெள்ளைச் சாக்பீஸே கிடையாது.

துணியிலேயே இருந்திருக்கும் என்று தட்டிவிட்டு, நீலக் கோட்டில் வெட்டினாள். மெஷினில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோர்க்கக் குனிந்தாள். நூல் கோர்த்திருந்தது. 'நான்தான் கோத்திருப்பேன்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். தனியாக இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

பக்கத் தையல் இரண்டையும் போட்டாள். அழகாகவே வந்தது. சந்தோஷத்தில் சாயா போட அடுக்களைக்குப் போனாள்.

டக்... டக்... டக்...

மெஷின் சத்தம்.

ஓடி வந்தாள். யாருமில்லை. சக்கரம் மட்டும் மெல்லச் சுற்றி... நின்றது.

பிளவுஸின் இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்திருந்தது. பொடிப்பொடியான, ஒரே சீரான தையல். பிளஸ்ஸிக்கு அப்படித் தைக்க வராது.

அதைப் பிரித்தாள். நூலை அள்ளி ஜன்னல் வழியே எறிந்தாள். திரும்பினாள்.

மறுபடி தைத்திருந்தது. இந்தத் தடவை இன்னும் உள்ளே.

சத்தமே கேட்கவில்லை.

வளர்ந்த பெண் யாருக்கும் அது ஏறாது. அளந்து பார்க்க டேப்பைத் தேடினாள். மேசையில் இல்லை. டப்பாவிலும் இல்லை.

இடுப்பில் ஏதோ ஜில்லென்று பட்டது.

டேப்பின் தகர நுனி...

பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். மெதுவாக. அளவு எடுக்கிற மாதிரி.

இறுகியது.

இன்னும் இறுகியது.

காதருகே ஒரு பெண் குரல். களைத்துப்போன குரல்.

"இன்னும் லூசா இருக்கு..."

பிளஸ்ஸி மழையில் செருப்பில்லாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்தாள். முதுகைக் காட்டினாள். டேப் இடுப்பைச் சுற்றி இறுகி, முதுகின் நட்டநடுவில் முடிச்சு மேல் முடிச்சாகக் கிடந்தது. என் நகத்தால்தான் அவிழ்த்தேன். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாடாவை எடுத்து என் முதுகில் அப்படி முடிச்சுப் போட முயன்றேன். முடியவில்லை.

மாமி நம்பவில்லை. "எனக்க மவளுக்க கல்யாணத்த மொடக்கப் பாக்கா" என்றார். நான் மறுநாளே திரைத்துணி வாங்குகிற சாக்கில் களியக்காவிளைக்கு பஸ் ஏறினேன். திரைத்துணி இன்னும் வாங்கவில்லை.

செல்வதாஸுக்கு முன்பு கேரளத்துப் பக்கம் ஒரு பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்களாம். பெயர் எலிசா. கல்யாண பிளவுஸைத் தன் கையாலேயே தைத்தவள். அதற்குள் நோய் வந்தது. உடம்பு மெலிய மெலிய, கட்டிலில் உட்கார்ந்து அந்த பிளவுஸைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டே இருந்தாளாம். மெலிவது நிற்கவில்லை. கல்யாணம் வரை அவளும் இருக்கவில்லை. செல்வதாஸ் வாங்கிக் கொடுத்த மோதிரத்தையும் தையல் டப்பாவையும் அவள் வீட்டார் முறைப்படி திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த பிளவுஸைப் போட்டுத்தான் அவளை அடக்கம் செய்தார்களாம். அப்போதும் லூசாகத்தான் இருந்ததாம். முதுகுப் பக்கம் துணியை அள்ளிப் பிடித்துப் பின் குத்தித்தான் பெட்டியில் வைத்தார்களாம்.

சேதி தெரிந்து டப்பாவைத் திரும்ப வாங்கச் செல்வதாஸே வந்தார். ஜெனிலா வாசலிலேயே மறித்தாள்.

"இத ஏன் எங்ககிட்ட மறச்சிய?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. பிளஸ்ஸியைத்தான் பார்த்தார்.

"உங்ககிட்ட அவ பேசினாளா?"

பிளஸ்ஸி தலையாட்டினாள்.

"எனக்கிட்ட இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசினதில்ல" என்றார். அதில் பயமில்லை. பொறாமை இருந்தது.

ஜெனிலா தன் விரலில் கிடந்த நிச்சய மோதிரத்தைக் கழற்றி டப்பாவின் மேல் வைத்தாள். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

அன்று முதல் மாமி பிளஸ்ஸியின் அறையிலேயே பாய் விரித்தார். "இவள இனி ஒத்தையில விடமாட்டேன், விசா எடு" என்று மகனிடம் சண்டை போட்டதும் அவரேதான். அடுத்த வருஷம் ஜெனிலா ஷாஜன் என்றொருவரைக் கட்டி மஸ்கட் போனாள். பிளஸ்ஸி தோஹாவில் இருக்கிறாள், தைப்பதில்லை.

செல்வதாஸ் கல்யாணம் கட்டவில்லை. போன மாதம் கடையை விற்றுவிட்டுப் பாறசாலைப் பக்கம் குடிபோனார். சாமான் ஏற்றிப் போன வண்டிக்காரன் ஞானையன்தான் சொன்னான். முன் சீட்டில் ஜன்னலோரம் காலியாகக் கிடக்க, வழி முழுக்க அவர் அந்தத் தையல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாராம்.