குல்டிகா ஒழுங்கையில் ரிவேர்ஸ்

என் கணவர் சிட்னியில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஒரு மோட்டர்ஹோம் வானை வாடகைக்கு எடுத்து, லிதுவேனியாவில் தொடங்கி லாத்வியா, எஸ்தோனியா என்று பழைய ஊர்களாகப் பார்த்துக்கொண்டு போவது என்று தீர்மானித்திருந்தார். சனங்கள் லண்டன், பாரிஸ் என்று போக, இவருக்கு மட்டும் ஏன் இந்த ஆசை என்று பலர் கேட்டார்கள். காரணம் பிளாக்டவுனில் இவரோடு பஸ் ஓட்டிய ஒரு நண்பர். அவருடைய பெற்றோர் லாத்வியாவின் குல்டிகா என்ற சிற்றூரிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள். அந்த ஊர் ஆற்றில் ஒரு அருவி இருக்கிறதாம். உயரம் ஒரு ஆள் அளவுதான். அகலமோ ஒரு கரையிலிருந்து மறு கரை வரை. வசந்த காலத்தில் மீன்கள் அதற்கு மேலாகத் துள்ளிக் கடக்குமாம். இவ்வளவும் அவர் தாய் சொல்லிக் கேட்டது, நேரில் பார்த்ததில்லை. என் கணவரும் போருக்குத் தப்பி வந்தவர்தான். தேநீர் இடைவேளைகளில் இரண்டு பேருக்கும் பேச நிறைய இருந்தது.

பயணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது இவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தப்பிவிட்டன. ஆனால் இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போய்விட்டது. சாப்பாட்டுக் கோப்பையில் இடப்பக்கம் வைத்த கறி தொடாமலே மிஞ்சும். இனி வாகனம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, பயணத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைக் கழற்றி மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"வானை கான்சல் பண்ணச் சொல்லி மகளிட்டச் சொல்லப் போறன்."

"ஏன்? வானை நான் ஓடுறன்."

"நீரோ? ஹோம்புஷ்ஷுக்குத் திரும்ப வேண்டிய நீர், மோட்டர்வேயில லேன் மாத்தப் பயந்து பரமட்டா வரைக்கும் போனனீர்!"

"போனாலும் திரும்பி வந்தனான்தானே?"

அவர் சிரித்தார். நோய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு பின்வாங்க என்னால் முடியவில்லை. மகள் மட்டும் போனில், "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்று மூன்று தரம் கேட்டாள்.

எனக்கு அறுபத்தொரு வயது. அதுவரை ஓட்டியது ஒரு சின்னக் கார். போனது ஸ்ட்ராத்ஃபீல்டில் கடைகளுக்கும், கோயிலுக்கும், வேலைக்கும். இரண்டு வார இறுதிகளில் அதே அளவு வானை எடுத்து, பிளாக்டவுன் பக்கம் ஒரு வெறும் கார் பார்க்கில் பழகினேன். இவர் பக்கத்தில் இருந்து விரட்டினார். "கண்ணாடியைப் பாரும். என்னைப் பாராதையும்." நான்கு பிளாஸ்டிக் வாளிகளை வைத்து, அவற்றுக்கிடையே பின்பக்கமாகப் போகச் சொன்னார். முதல் நாள் நான்கு வாளியும் நசுங்கின. இரண்டாவது வார இறுதியில் ஒன்றுதான்.

மே மாதம் லிதுவேனியாவின் வில்னியஸில் இறங்கி வானை எடுத்தோம். ஸ்டியரிங் இடப்பக்கம், போக வேண்டியது வீதியின் வலப்பக்கம். முதல் ரவுண்டபவுட்டில் எங்கே வெளியேறுவது என்று தெரியாமல் மூன்று தரம் சுற்றினேன். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு இவர் மெதுவாகச் சொன்னார்.

"இஞ்சரும், ஒரு விஷயம் கவனிச்சனீரே? இஞ்ச நான் வலப்பக்கம் இருக்கிறன். ரோட்டுக்கரை, சைக்கிள், மதில் எல்லாம் எனக்கு வடிவாத் தெரியுது. இடப்பக்கத்தை நீர் பாரும். வலப்பக்கத்தை என்னட்ட விடும்."

சிட்னியில் என் காரில் இடப்பக்கம் ஏறினால் அவர் பக்கத்து யன்னலே அவருக்குத் தெரியாது. இங்கே அவருடைய நல்ல பக்கம் முழுவதும் வீதிக்கு உதவியது. அந்த நிமிடத்திலிருந்து அவர் பயணி இல்லை. "கொஞ்சம் இடம் விடும்", "சரி, போம்" என்று அவர் சொல்லச் சொல்ல, ஏரிக்கு நடுவில் சிவப்புக் கல் கோட்டை நிற்கிற ட்ராக்காய் வரை போனோம். அங்கே விற்ற இறைச்சி வைத்த பணியாரத்தைக் கடித்துவிட்டு, "எங்கட மட்டன் பற்றிஸ்தான், உறைப்பை மட்டும் மறந்திட்டாங்கள்" என்றார்.

குல்டிகாவில்தான் மாட்டிக்கொண்டேன். போனிலிருந்த வழிகாட்டி சொன்ன திசையில் திரும்பினால், அது கல் பாவிய பழைய ஒழுங்கை. போகப் போக ஒடுங்கியது. இரண்டு பக்கமும் மரவீடுகள். மழைநீர்க் குழாய்கள் வீதிக்குள் நீட்டிக்கொண்டு நின்றன. முன்னால் இரும்புத் தூண்கள் குறுக்கே நட்டிருந்தார்கள். முன்னுக்குப் போக வழியில்லை, திரும்ப இடமில்லை.

"ஆரையும் கூப்பிடுவமோ?" என்றேன்.

"ஏன்? நாலு வாளிக்கு நடுவால போனனீர்தானே?" என்றபடி இறங்கிப் பின்னால் போய் நின்றார்.

வலப்பக்கக் கண்ணாடியில் அவர் தெரிந்தார், கையை உயர்த்திக்கொண்டு. இடப்பக்கம் அவருக்குத் தெரியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பக்கம் என் பொறுப்பு. அடி அடியாகப் பின்னால் எடுத்தேன். இடப்பக்க வீடு ஒன்றில் ஒரு வயதான பெண் யன்னலைத் திறந்து, வெளியே வைத்திருந்த பூச்சாடிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். பிறகு சுவருக்கும் வானுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண். அரைச் சாண். மறுபடி ஒரு சாண். வாகனத்தின் பின்பகுதி பெரிய வீதிக்கு வந்ததும் இவர் வானின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ்காரர்களின் வழக்கம், சரி, வந்தாச்சு என்று அர்த்தம். ஒரு கீறல்கூட இல்லை. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சத்தமாகச் சிரித்தேன்.

வானை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு நடந்தோம். அருவி நண்பர் சொன்னது போலவே இருந்தது: ஆற்றின் அகலம் முழுவதும் வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி. எங்களுக்கு மதியம், சிட்னியில் இரவுச் சாப்பாட்டு நேரம். இவர் நண்பருக்கு வீடியோ கால் எடுத்தார். நண்பருக்கு இப்போது இவ்வளவு தூரம் பறக்க உடம்பு இடம் கொடுக்காது. இவர் போனை அருவிப் பக்கம் திருப்பிப் பிடித்தார். சிறிது நேரத்தில் நீரிலிருந்து ஒரு மீன் வெள்ளியாக எழும்பி விழுந்தது. பிறகு இரண்டு, பிறகு நிறைய.

"அம்மா பொய் சொல்லேல்லை," என்று நண்பர் ஆங்கிலத்தில் சொன்னதை இவர் என்னிடம் தமிழில் திருப்பிச் சொன்னார். அடுத்து அவர் பாலத்தைக் காட்டச் சொன்னார். அருவிக்குப் பக்கத்தில் செங்கல் வளைவுகளோடு ஒரு பழைய பாலம். அவருடைய தாய் ஒரு பெட்டியோடு அதைக் கடந்து போனவராம், திரும்பி வரவில்லை. நான் போனை வாங்கி, பாலத்தின் அந்தக் கரையிலிருந்து ஊருக்குள் வருகிற திசையில், முழு நீளமும் மெதுவாக நடந்தேன். போனுக்குள் எழுபது வயது மனிதர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் என்று ஒன்றும் இல்லை. ரிகாவின் நெரிசலைத் தாண்டினேன். சேசிஸ் கோட்டையில் கையில் லாந்தர் கொடுத்துக் கோபுரத்துக்குள் ஏறவிட்டார்கள். எல்லையைக் கடந்து எஸ்தோனியாவின் தாலினுக்கு வந்து, நகர மதிலுக்கு வெளியே ஒரே எடுப்பில் வானை நிறுத்தினேன். மேட்டில் ஏறிப் பார்த்தால் சிவப்புக் கூரைகள், கூர்க் கோபுரங்கள், அவற்றுக்கப்பால் கடல். மோட்டர்ஹோமைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருந்தது.

"வந்த வழியால போனால் ரெண்டு நாளில வில்னியஸ்," என்றார் இவர். "உமக்கும் களைப்பு."

நான் வரைபடத்தை அவர் மடியில் விரித்து, கடற்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகிற மெல்லிய வீதியைக் காட்டினேன்.

"இதால போவம்," என்றேன். "நீங்கள் வலப்பக்கத்தைப் பாருங்கோ."