சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சுவர்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர்கள் வாழ்க்கையை எழுத வேண்டியது மூத்த மகளாகிய என் கடமை. நல்லதை மட்டும் எழுதச் சொல்கிறார்கள் அம்மா. எனக்கு அது வராது.

அப்பா பிறந்தது அலங்காநல்லூருக்கு அருகில் ஒரு சிற்றூர். இளமையிலேயே தகப்பனாரை இழந்து, மதுரையில் உறவினர் வீட்டில் ஒண்டிப் படித்து, கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா ஆனார்கள். காரியமாக வந்த எவரிடமும் ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. வாழ்நாளில் அவர்கள் ஆசைப்பட்டது ஒரு சொந்த வீட்டுக்குத்தான். அந்த வீடே அவர்களைக் கொண்டுபோயிற்று.

தல்லாகுளத்தில் அந்த வீட்டைக் காட்டிய தரகர் சொல்லாத பெருமை இல்லை. கச்சேரிக்கு நடந்தே போகலாம், பெருமாள் கோயில் கூப்பிடு தூரம், தெருமுனையில் குழாய்த் தண்ணீர், சித்திரையில் அழகரை வாசலில் நின்றே சேவிக்கலாம். கட்டிய ஜவுளிக்காரர், அடுத்து ஒரு வக்கீல், அதற்கடுத்து ஒரு பென்ஷன்காரர் என்று சில வருஷங்களுக்குள் மூன்று பேர் அதை விற்றுவிட்டுப் போனது ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மேற்கு அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மீனாட்சி கல்யாணப் படம் ஒன்று இருந்தது.

"சாமிய மட்டும் எறக்கிராதீகண்ணே. வீட்டு லட்சுமி போயிரும்" என்றார் தரகர். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டை வாங்கினார்கள்.

முதல் ஐப்பசியிலேயே படத்தின் அடியில் மண் உதிர்ந்தது. கூட்டக் கூட்ட உதிர்ந்தது. படத்தைத் தூக்கிப் பார்க்கலாம் என்று நான் சொன்னால், "சாமி மேல கை வைக்காத" என்று அப்பா அதட்டினார்கள். ஒருநாள் ஆணி தளர்ந்து படம் சாய்ந்தது. பின்னால் தரையிலிருந்து உத்தரம்வரை விரிசல், கை நுழையும் அகலத்துக்கு. வந்து பார்த்த கொத்தனார், வீடே கண்மாயைத் தூர்த்து மேடாக்கிய மண்ணில் நிற்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். அட பாவிகளா! பூப்போட்டுக் கும்பிட்டே மூன்று பேரும் மறைத்திருக்கிறார்கள்.

யுத்த காலம். வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. படத்தை மறுபடி மாட்டி, மேற்கு அறையில் சாமான்களை மட்டும் போட்டுவிட்டு, மற்ற அறைகளில் பயந்து பயந்து படுத்தோம். வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவானதும் தரகரே மறுபடி ஆள் கொண்டுவந்தார். வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கூடவே அவருடைய மூன்று பையன்கள்.

"இந்த ரூம்புல பயலுக மூணு பேரும் தாராளமாப் படுக்கலாம்" என்றார் வாத்தியார், மேற்கு அறையைப் பார்த்து.

அப்பா முக்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினார்கள்.

"அண்ணே, என்ன காரியம் பண்றீக!" என்று தரகர் அலறினார். வாத்தியார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. "நமக்கு மட்டும் புள்ளைக இல்லையா?" என்று கேட்டார்கள்.

"இருக்கு. அதான் மனசு வரல" என்றார்கள் அப்பா.

அடுத்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அப்பா எங்களை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, மேற்கு அறையில் இருந்த அரிசி மூட்டையை எடுக்கத் திரும்பினார்கள்.

"அரிசி கெடக்குப்பா, போகாதீங்க!" என்று கத்தினேன்.

"அடுத்த வாரம் எதத் தின்பீக? இந்தா வந்துர்றேன்" என்றார்கள். அந்தச் சுவர் விழுந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

கொட்டும் மழையில் வெறுங்கையால் செங்கல்லைப் புரட்டிய தெருக்காரர்களுக்கும், எங்களை வைத்துச் சோறு போட்ட அடுத்த வீட்டாருக்கும், மிச்சச் சுவர்களைக் கூலி வாங்காமல் இடித்துத் தந்த கொத்தனாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று திதிக்கு அந்த வாத்தியாரும் வந்திருந்தார். அப்பா படத்தின் முன்னால் பையன்களை விழுந்து கும்பிடச் சொன்னார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா, விற்றிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் பந்தியில் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் இலை போட்டுப் பரிமாறியது நான்தான். கடைசிப் பையன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.