அத்தைக்கு எடுத்த கோடி

என் அத்தை மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, கள்ளக்குறிச்சியில் எங்களோடு இருக்க வந்தாள். அவள் ஊர் திரும்பிவிட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னோம். சர்க்கார் கணக்கில் அவள் வெளிநாட்டுக்காரி, வெளிநாட்டில் வந்து தங்கியிருக்கிறாள் என்பது எங்களில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. பாஸ்போர்ட் அந்த நாட்டுடையது. விசா முடிவதற்குள் கடலூர் போலீஸ் ஆபீஸில் நீட்டிப்பு வாங்க வேண்டும். "பொறந்த வூட்ல குந்திக்கினு இருக்கறதுக்கு எவன்கிட்ட இன்னா பர்மிஷன்?" என்று அப்பா கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தார்.

கல்யாணமாகிக் கப்பலேறிப் போனவள் அத்தை. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவள் இருந்த ஈப்போவில் பென்ஷனில் பாதியை வாடகையே தின்றுவிடுகிறது, அதே பணத்தில் இங்கே தாராளமாக இருக்கலாம் என்று கடிதம் எழுதிவிட்டுத்தான் வந்தாள். அது வெளியே சொன்ன காரணம். நிஜமான காரணத்தை ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் அம்மாள் செத்துப்போனாளாம். பிறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லாமல், கோயில் கமிட்டிக்காரர்கள் ஏதோ ஒரு துணியை வாங்கிப் போர்த்தி எடுத்தார்களாம். எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வந்து விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைப் பார்த்தவள் அந்த ஒரு சாவைப் பார்த்து நடுங்கிவிட்டாள்.

வந்த புதிதில் வெயில்தான் அவளைப் படுத்தியது. மலேசியாவின் கேமரன் மலைக் குளிரை நினைத்துப் பெருமூச்சு விடுவாள். சரி, நம்மிடமும் மலை இருக்கிறது என்று அப்பா அவளை ஜீப்பில் வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனார். குளிரும் பிடித்தது, சாமைச் சோறும் பிடித்தது. ஆனால் "ராத்திரி மாரு வலிச்சா டாக்டருக்கு எங்கடா போறது?" என்று கேட்டாள். திரும்பி வந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் மின்விசிறிக்கு நேர் கீழே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். அவள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர் குடித்தோம், நகம் வெட்டினோம். அதிகாரம் தூள் பறக்கும். எனக்கு அவளை அப்படிப் பிடிக்கும்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. விசா முடிய இருந்த வாரம் பார்த்து மறியல் வந்தது. சாலை நெடுக புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் கிடையாது, கடை கிடையாது. தேதி தப்பினால் மலேசியாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று போன தடவையே கடலூரில் சொல்லியிருந்தார்கள். அத்தை பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். சாப்பிடவும் இல்லை. அவள் யாரையும் அதட்டாமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

சின்னசேலம் போய்விட்டால் ரயில் ஓடுகிறது என்றார்கள். அதுவரை போவதுதான் பாடு. சாவுக்குப் போகிறவர்களை மட்டும் மறியலில் விடுவார்கள், அதில் யாரும் தகராறு செய்ததில்லை. அப்பாவுக்கு யோசனை உதித்தது. பொய் சொன்னாலும் முறையாகச் சொல்ல வேண்டும் என்கிற மனிதர் அவர். மாலை வாங்கினார். அதோடு நின்றிருக்கலாம். ஜவுளிக்கடைப் பின்கதவைத் தட்டிக் கோடியும் எடுத்துவந்துவிட்டார். சாவுக்கென்றால் மட்டும் பின்கதவைத் திறப்பார்கள். மாம்பழக் கலர், பச்சைக் கரை. "உசுரோட இருக்கறவங்கள வூட்ல வெச்சிக்கினு கோடி எடுத்தாந்துகீறீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை புடவையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, காலமெல்லாம் வெள்ளை யூனிபாரம் போட்டு அலுத்தவளுக்கு இது நல்ல கலர்தான் என்றாள்.

பக்கத்து வீட்டு மாட்டுவண்டியில் அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் கிளம்பினோம். கண் மங்கிய அத்தைக்கு விண்ணப்பப் பாரத்தின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல நான். வண்டி முகப்பில் மாலை. மலேசிய பென்ஷன் ஆபீசுக்கு வருஷாவருஷம் அனுப்ப வேண்டிய, 'இவர் உயிரோடு இருக்கிறார்' என்று அதிகாரி கையெழுத்துப் போடும் தாள் என் பையில் இருந்தது. கோடியும் அதே பையில்தான்.

ஊர் எல்லை தாண்டியதுமே மரம் குறுக்கே கிடந்தது. நின்றவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகம். தலையில் துண்டு கட்டியிருந்த ஆள் வந்து, யாருக்குச் சாவு என்று கேட்டார். சின்னசேலத்தில் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு. அப்பாவுக்கு நாக்கு பிசகிவிட்டது. அக்காவுக்கு எடுத்த கோடியாச்சே, "எங்க அக்கா, சின்னசேலத்துல" என்றுவிட்டார். அவருக்கு இருந்ததே ஒரு அக்காதான். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மலேசியாலேர்ந்து வந்தாங்களே, அவங்களா? அடப்பாவமே. அப்ப இவங்க யாருங்க?"

அப்பா பேந்தப் பேந்த முழித்தார். அத்தை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "அவளுக்கு நான் தங்கச்சிப்பா. ரொம்ப நல்லவ. யாரும் இல்லாம கெடந்தா."

சொன்னவள் அழுதாள். அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு பேரைக் கூப்பிட்டு, கிளைகளை இழுத்து ஒதுக்கி, சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி வண்டியை அந்தப் பக்கம் விட்டார். மரம் கண்ணுக்கு மறைந்த பிறகும் அத்தை அழுகையை நிறுத்தவில்லை. போதுங்க்கா, தாண்டிட்டோம் என்றார் அப்பா.

"நடிப்பு இல்லடா இது. அங்க செத்திருந்தா எனக்கு இப்பிடி அழுவ யாரு இருக்கா?"

சின்னசேலத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறினோம்.

கடலூரில் வேலை சுலபமாக முடிந்தது. அதிகாரி நல்ல மனிதர். விசா நீட்டிப்புக்கு முத்திரை குத்தி, உயிரோடு இருக்கிறார் என்ற தாளிலும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். இந்த அமளியில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். "செத்துதாங்க வந்தேன்" என்றாள் அத்தை. அவர் எதுவும் புரியாமல் தலையாட்டினார்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டு முன்னால் கூட்டம். அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஜவுளிக்கடைக்காரர் ஒருபக்கம், துண்டு கட்டிய ஆள் ஒருபக்கம், அத்தை சின்னசேலத்தில் செத்த சேதியை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். பிணம் வண்டியில் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணி சாகவில்லை, கடலூருக்குப் போயிருக்கிறார் என்று அம்மா தொண்டை கிழியக் கத்திப் பார்த்திருக்கிறாள். பாவம், அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் ஜாஸ்தியாக அழுதிருக்கிறார்கள்.

அத்தை வண்டியிலிருந்து இறங்கினாள். அழுகை அப்படியே நின்றது. அப்பாவோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்கான என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, பஸ் இல்லாததால் சங்கராபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். பாதமெல்லாம் வெடித்து ரத்தம். அவள்தான் முதலில் எழுந்து வந்து அத்தை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"உசுரோட இருக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லி வுட்ருக்கக் கூடாதாடி பாவி?"

வைத்த கையாலேயே கட்டிக்கொண்டாள். அத்தை அவள் தோளுக்கு மேலே கூட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எல்லாரும் எனக்கா வந்தீங்க?" என்று கேட்டாள். பிறகு பெரியம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, வெந்நீர் கேட்டு, பாதத்தைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினாள். நடக்கக் கூடாது என்று அதட்டவும் அதட்டினாள். எடுத்து வைத்திருந்த பெட்டியை அன்றைக்கே மறுபடி பரணில் ஏற்றச் சொல்லிவிட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா உலை வைத்தாள்.

அதன் பிறகு அத்தை வெகுகாலம் இருந்தாள். விசாவுக்கு அலைவதும், உயிரோடு இருப்பதாக எழுதி வாங்குவதும் வருஷாவருஷம் நடந்தன. இடையில் அப்பா திடீரென்று போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அத்தை என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, பரணிலிருந்த பெட்டியை இறக்கச் சொல்லித் திறந்து காட்டினாள். அடியில் மாம்பழக் கலர் புடவை, மடிப்புக் கலையாமல். "உங்கப்பன் எடுத்தது. நீ வேற வாங்காத" என்றாள். நான் அழுதேன். அதற்கும் ஒரு அதட்டல் வாங்கினேன்.

அவள் போனபோது, தம்பி இல்லையே, பிறந்த வீட்டுக் கோடிக்கு என்ன செய்வது என்று பங்காளிகள் வாசலில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, அப்பா எடுத்த கோடியைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்தினேன்.