ஒலிபெருக்கிக் கடையின் பல்லவிகள்

கழக்கூட்டத்தில் கணினி வேலை பார்க்கும் என் தங்கை மகன், புதிதாக வந்த இசைத்தட்டு ஒன்றை நேற்று ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான், கூடவே பழங்கால வால்வு ஆம்ப்ளிஃபயரும். புரோக்ரசிவ் ராக் என்று பெயர், பாட்டு முன்னேறுகிறதாம். ஒரே பாட்டு இருபத்துமூன்று நிமிடம். அதில் தாளம் ஏழு முறை மாறியது, எண்ணினேன்.

"மாமா, மெலடி எப்படி வளர்றது கேட்டேளா? அடிபொளி, பிரமாதமாக்கும்!"

"சுருதி சேர்க்கறான்னு நெனச்சேன். பாட்டே தொடங்கியாச்சா?"

அப்போது வால்வு சூடேறி, தூசி கருகும் வாசனை வந்தது. ஆரியசாலையில், இன்று செல்போன் உறைகள் தொங்கும் இடத்தில், நான் பள்ளியில் படித்தபோது அதே வாசனையோடு ஓர் ஒலிபெருக்கிக் கடை இருந்தது. கல்யாண வீடுகளுக்கு அனுப்புமுன் குழாய் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கக் கடைக்காரர் இசைத்தட்டு போடுவார். ஊசி கரகரத்து, பாட்டு எழும்பி, பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் நேரம் பார்த்து, "கொழாய் சரியாத்தான் இருக்கு, கேட்டியா" என்று வேலையாளிடம் சொல்லி அந்த ஞானசூனியம் ஊசியைத் தூக்கிவிடும். வீட்டில் ரேடியோ இல்லாத நான், பள்ளி விட்டதும் பக்கத்து மண்டியின் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே தினமும் அந்த வாசலில் நின்றேன். பல்லவிகள் நாற்பதுக்குமேல் மனப்பாடமாயின. எந்தப் பாட்டும் எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியாது.

"ஒங்களுக்குப் பிடிக்கலை போல மாமா, வேற போடறேன்" என்று இவன் ஊசியை நோக்கிக் கை நீட்டினான்.

"கையை எடுடா! எவ்வளவு மட்டமா இருந்தாலும் முழுசா முடியட்டும்."