காதுலதான் இருக்கு

மாமாவின் சலூனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. தோல் புற்றுக்காக அவருடைய வலது காதை எடுத்த பிறகு அதுவே வினையாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தங்கள் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் மாமாவின் காதில்லாத பக்கத்தைப் பார்த்தார்கள். பார்த்ததும் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்தத் தாழ்த்தல்தான் அவருக்குத் தாங்கவில்லை. மப்ளர் சுற்றிப் பார்த்தார். சரிப்படாமல் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார்.

கேட்பதில் குறையில்லை. அத்தை அடுக்களையில் முணுமுணுப்பதுகூட விழும். பேச்சுதான் போய்விட்டது. கத்தரியைவிட வேகமாக ஓடிய நாக்கு அது.

அத்தைதான் விசாரித்து, முகச் சீரமைப்புப் பிரிவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். சிலிகானில் காது செய்து தருவார்கள் என்றதும் மாமா டாக்டரம்மாவிடம், "எனக்கே காது குத்துறீங்களா?" என்றார்.

"குத்தறதெல்லாம் இல்லீங்க. முழுசாவே செஞ்சு தரேன்" என்றார் அவர், சிரிக்காமல்.

எலும்பில் சிறு திருகுகள் பதித்து, புண் ஆறியதும் காது ஒட்டி நிற்க அதில் காந்தம் வைத்தார்கள். இடது காதைப் பார்த்து வலது காதை வார்த்தார்கள். டாக்டரம்மா அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, வெளிச்சம் பட்டால் காது மடல் சிவக்குமே, அந்தச் சிவப்பு வரும்வரை வண்ணம் குழைத்தார். வலது காதில் சீப்பு செருகுவது மாமாவின் பழக்கம் என்று அத்தை போட்டுக்கொடுத்துவிட்டார். இனி இடது பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

கடை திறந்த அன்று முதலில் வந்தவர் வாத்தியார், பழைய வாடிக்கை. மாமா கண்ணாடியை நிமிர்ந்தே பார்க்காமல் வெட்டினார். பாதியில் சீப்பைக் காணோம். மேசையில் துழாவினார், சட்டைப் பையைத் தட்டினார், குனிந்து தரையிலும் தேடினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். கண்ணைத் தாழ்த்தவில்லை.

"காதுலதான்பா இருக்கு."

மாமா நிமிர்ந்தார். கை பழக்கத்தில் வலது காதிலேயே செருகியிருக்கிறது. அவரும் கண்ணாடியில் சற்று நேரம் பார்த்தார். பிறகு சீப்பை உருவி, "வாத்தியார் கண்ணுல எதுவும் தப்பாது" என்று ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை.

துண்டை உதறும்போது வாத்தியார் என்னிடம் சொன்னார்: "அந்த டாக்டர்கிட்ட எனக்குக் கொஞ்சம் பஞ்சு கேட்டு வாங்கி வாப்பா. காதுல வச்சுக்க."