எல்லைக் கல்லடியில் விட்ட செருப்பு

எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் துணைக்கு ஆள் இல்லாமல் கால்போன போக்கில் நடந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. கொள்கை என்று வெளியில் சொல்லிக்கொள்வேனே தவிர, உள்ளபடி அது கர்வம்தான். வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். திருச்சியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். தசரா விடுமுறைக்குக் கொல்லிமலைக்கு வந்திருந்தேன். அடிவாரத்து மிளகு வியாபாரி ஒருவர் மலைமேல் இருந்த தன் கிடங்கில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். அவரை நான் பாய் என்று கூப்பிடுவேன். "ஆள் அனுப்பறனுங்க, உங்களுக்குத் தடம் தெரியாதுங்களே" என்றார் அவர். வேண்டாம் என்றுவிட்டு, விடுமுறைக்கென்றே வாங்கிய புதுச் செருப்பு கிறீச்சிடப் புறப்பட்டேன்.

ஒரு மணி நேர நடையில் ஓர் ஊர் வந்தது. எல்லையில் ஒரு கல் நட்டிருந்தது. பக்கத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். 'அவர்' என்பது இன்றைக்கு எழுதுவது. அன்றைக்கு எனக்கு அவர் 'அவன்'தான்.

"செருப்பக் கழட்டிப்போடுங்க சாமி. எங்க ஊருக்குள்ள செருப்புக் கால் படப்படாதுங்க."

வேண்டாவெறுப்பாகக் கழற்றிக் கல்லடியில் வைத்தேன்.

"அந்தக் கோடி வழியாத்தானுங்களே போறீங்க?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தேன்.

புல் வேய்ந்த வீடுகள், பாயில் காயும் மிளகு, களத்தில் சாமைக் கதிர் அடிப்பவர்கள். ஒரு பெண் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தாள். அதன் ருசி எனக்கு நினைவில்லை. கோயிலுக்குப் போனவன் நினைப்பெல்லாம் வாசலில் விட்ட செருப்பின் மேல் என்பார்களே, அதுவேதான். பாதி ஊர்கூடத் தாண்டவில்லை, திரும்பிவிட்டேன்.

கல்லடியில் செருப்பு இல்லை. வேலி கட்டியவரும் இல்லை.

வகுப்பில் கத்துகிற தொண்டை எனக்கு. "திருடன்! செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்!" என்று கத்தினேன். களத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். சற்று நேரத்தில் ஊருக்கு வெளியே சுற்றிப் போகும் பாதையில் அவர் வந்தார். வெறுங்கை.

"அந்தக் கோடில, பலா மரத்தடில வெச்சிருக்கறனுங்க சாமி. செருப்புக்காவ நீங்க திரும்பி நடக்கோணுமேன்னுதானுங்க."

ஊருக்கு வந்தவர் செருப்பை அப்படி வெளிவழியாகக் கொண்டுபோய் மறுகோடியில் வைப்பது அங்கே வழக்கமாம். நான் நம்பவில்லை. "அகப்பட்டதும் கதை அளக்கிறாயா, திருட்டுப் பயலே?" என்றேன். என் அப்பா வயது இருக்கும் அவருக்கு.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து சொன்னார்: "திருட்டுன்னு பேரு வந்திருச்சுங்க. பேரு வெச்சவங்க வாயாலதான் அது தீரோணும். தீர்ற வரைக்கும் இவன் களத்துல கால் வெக்கப்படாது. இவன் தவசத்த வேற யாரும் தொடப்படாது. போய்ப் பாருங்க சாமி. இருந்தா இங்க வந்து ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போங்க."

அடித்துத் தூற்றிய அவருடைய சாமைத் தவசம் களத்தில் குவிந்து கிடந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

பலா மரத்தடியில் செருப்பு இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து, வெயில் படாமல் ஒரு வாழையிலையால் மூடியிருந்தார். என் முகம் எரிந்தது. திரும்பிப் போய் அத்தனை பேர் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. தூறல் விழுந்தது. அவர்களே வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

சாயங்காலம் வெளியே மழை கொட்ட, கிடங்கில் உட்கார்ந்து இதைப் பாயிடம் வேடிக்கைபோலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"போய்ச் சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்ப அந்தாளு இன்னும் களத்துக்கு வெளியிலதானுங்க நிப்பாரு" என்றார்.

விடிந்ததும் வெறுங்காலோடு ஓடினேன். களத்தில் இருந்த மற்றவர்களின் குவியல்கள் மேல் கோரைப்பாயும் ஓலையும் போட்டிருந்தார்கள். ஒரு குவியல் மட்டும் திறந்து கிடந்தது. மழை அதைக் கரைத்துக் களம் முழுக்க இழுத்துப் போயிருந்தது. அவர் களத்தின் ஓரத்தில், ஓர் அடிகூட உள்ளே வைக்காமல் நின்றிருந்தார்.

"செருப்பு கெடச்சுதுங்களா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கிடைத்தது. அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. நேற்றே பார்த்துவிட்டேன்."

நேற்றே என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலி கட்டியவர் மட்டும் பார்க்கவில்லை. களத்தில் இறங்கி, குந்தி உட்கார்ந்து, சேற்றோடு சாமையை அள்ளிப் பார்த்தார். அவர் மனைவி முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் குனிந்து அள்ளப் போனேன்.

"வேண்டாமுங்க" என்றார். சேற்றுச் சாமையை முறத்தில் அள்ளிப் போட்டபடி, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"ஒரு வார்த்ததானுங்களே சாமி?"