காப்பி குடோனுக்குள் செவ்வாய் கிரகம்

செவ்வாய் கிரகத்துக்குப் போய் வந்தவள் என்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இன்னமும் என்னைக் கேலி செய்கிறார்கள். நான் போனதென்னவோ எங்கள் எஸ்டேட்டின் பழைய காப்பி குடோனுக்குள். நான் பிறந்து வளர்ந்த, தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டிலிருந்து ஓங்கிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். அந்தத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டை நினைத்து ஏங்கியதுபோல நான் வேறெங்கும் ஏங்கியதில்லை. சேலத்தில் ஹாஸ்டலில் கிடந்த வருஷங்களில்கூட இல்லை.

விண்வெளிக்கு ஆள் அனுப்புமுன், நாலு பேரை ஒரு சின்ன இடத்தில் பூட்டி வைத்தால் என்ன ஆகிறார்கள் என்று பார்க்க ஓர் ஆய்வுக் குழு வந்திருந்தது. மலையில் குளிர்ச்சி, கூட்டமில்லை, வாடகையும் குறைவு. மாரமங்கலம் போகிற ரோட்டோரம் இருந்த எங்கள் குடோனைப் பிடித்து, ஜன்னல்களை அடைத்து, உள்ளே வெள்ளைத் தகட்டில் நாலு தடுப்பு போட்டார்கள். நான் அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். விண்ணப்பித்தேன், எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊர்க்காரி என்று தெரிந்தும் எடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

மூன்று மாதம். அதற்குள் யார் கதவைத் திறந்தாலும் நாலு பேருடைய வேலையும் வீண், ஆய்வு அத்தோடு முடிந்தது. உள்ளே ஓடுவது செவ்வாய் கடிகாரம். அங்கே ஒரு நாள் நம் நாளைவிட முக்கால் மணி நேரம் போல நீளம் என்பதால், கொஞ்ச நாளிலேயே வெளியே பகலா இராத்திரியா என்பது தெரியாமல் போய்விடும். மேலே பங்களாவில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்பினால், வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் பதில் வரும். இதையெல்லாம்விட முக்கியமான ஒரு விதி உண்டு. வீட்டுச் செய்தி எதுவும் உள்ளே வராது. நல்லதும் வராது, கெட்டதும் வராது. நாலு பேரும் ஒப்புக்கொண்டுதான் போனோம். ஒப்புக்கொள்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது.

எங்கள் தலைவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற திருச்சிக்காரர். போர்வையை மடித்தால் நாலு முனையும் ஒட்டிக்கொள்ள வேண்டும் அவருக்கு. அவருடைய மகள் நிறைமாதமாக இருந்தபோதுதான் உள்ளே வந்தார். டாக்டர் சென்னைப் பெண். எங்கள் ரத்தத்தை எடுத்து ஆராய்ச்சி செய்வதற்காக வந்தவர். காற்றையும் தண்ணீரையும் சுத்தம் செய்யும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் தூத்துக்குடிக்காரர். நாலாவது ஆள் நான்.

இத்தனை யோசித்தவர்கள் மணியை யோசிக்கவில்லை. எங்கள் எஸ்டேட்டில் இன்றைக்கும் ஆளைக் கூப்பிட மணிதான். காப்பிப் பழம் எடை போடுகிற கொட்டகையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலையில் வேலைக்கு வர, மத்தியானம் சாப்பிட, சாயங்காலம் எடைக்கு என்று அதை இரும்புக் கம்பியால் அடிப்பவர் என் அப்பா. அவருடைய வாட்ச்மேன் வேலையோடு ஒட்டி வந்த வேலை அது. முதலில் தனித்தனியாக மூன்று, அப்புறம் கடகடவென்று ஒரே ஓட்டம். காற்றுக் குழாய் வழியாக அது குடோனுக்குள் வந்து விழும். மற்றவர்களுக்கு அது வெறும் இரும்புச் சத்தம். எனக்கு அது மணி எத்தனை என்கிற கணக்கு.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. செவ்வாய் கடிகாரப்படி நாங்கள் தூங்கப் போகும் நேரத்தில் ஒரு நாள் மணி அடித்தது. "இப்பத்தான் எல்லாரும் வேலைக்கு வந்து நிப்பாங்க. கணக்கு எழுதற ரைட்டர் பேர் கூப்புட்டுட்டு இருப்பாரு" என்றேன். இன்ஜினியர் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப இது காலையா? எங்க ஊர்ல இந்நேரம் போட்டெல்லாம் கரைக்கு வந்திருக்கும்ங்க. அம்மா மீன் வாங்கப் போயிருக்கும்" என்றார். அன்றிலிருந்து மணி அடித்தால் போதும், என் தடுப்புக்கு வந்து நிற்பார். "இப்ப வெளிய என்னங்க நடக்குது, சொல்லுங்க" என்பார். நானும் சொல்வேன். இப்போது சில்வர் ஓக் மரத்தடியில் சோத்துத் தூக்கைத் திறப்பார்கள். இப்போது மாரமங்கலம் பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். டாக்டரும் வந்து காது கொடுப்பார். கேட்டுவிட்டுப் போய், பொடியில் கரைத்த சாம்பாரைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைப்பார்.

தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீங்க இவங்களை வீட்டுக்கு இழுத்துட்டுப் போறீங்க. இனிமே மணியைப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்றார்.

"காதுல உழுகறதை உழுகலைன்னு சொல்லச் சொல்றீங்களா சார்?"

"கேட்டாலும் சொல்லாதீங்க."

மறுநாளிலிருந்து மணி அடிக்கிற நேரத்தில், சத்தம் கேட்காமலிருக்க மின்விசிறியை வேகமாக வைத்தார். அப்படியென்றால் அவருக்கும் மணி அடிக்கிற நேரம் மனப்பாடம் என்றுதானே அர்த்தம். அதை நான் நாலு பேர் முன்னால் சொல்லியும் விட்டேன். அதன் பிறகு எங்களுக்குள் எல்லாமே இடித்தது. தண்ணீரை யார் கூடக் குடித்தது, குளியலறையில் யார் முடியை விட்டது, கீரையை ஏன் இன்னும் பறிக்கவில்லை என்று எதையெடுத்தாலும் சண்டை. இன்ஜினியர் மெல்லுகிற சத்தம் தாங்காமல் டாக்டர் தட்டோடு எழுந்து போவார். ஊறுகாய் பாட்டிலைக் கழுவாமல் வைத்ததற்காக, படித்த நாலு பேர் ஒரு முழு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது அந்த பாட்டிலால் யார் மண்டையையாவது உடைத்திருப்பேன்.

இரண்டாவது மாதம் முடிகிற சமயம். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. அடிக்க வேண்டிய நேரமில்லை. மூன்றும் இல்லை, ஓட்டமும் இல்லை. நிற்காமல், மூச்சு விடாமல், வெறி பிடித்த மாதிரி அடித்தது. திடீரென்று நின்றுவிட்டது.

எங்கள் எஸ்டேட்டில் அப்படி அடித்தால் தீ, இல்லையென்றால் காட்டெருமை இறங்கிவிட்டது. எல்லாரும் தப்பிக்கிறவரை நிறுத்தக் கூடாது என்பது அப்பா வைத்திருந்த வழக்கம். இப்படிப் பாதியில் நின்று நான் கேட்டதே இல்லை.

கட்டுப்பாட்டு அறைக்கு உடனே எழுதினேன். மணி பாதியில் நின்றுவிட்டது, என் அப்பாவுக்கு ஒன்றுமில்லையே, அதை மட்டும் சொல்லுங்கள் என்று. காத்திருந்தோம். பதில் வந்தது: உங்கள் அனைவரின் குடும்பத்தினரும் நலம். பணியைத் தொடரவும்.

"பாத்தீங்களா, நலம்னு சொல்லிட்டாங்க" என்றார் டாக்டர், என் தோளைத் தொட்டு.

"யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. செத்துப் போயிருந்தாலும் இதேதான். சார், நீங்க சொல்லுங்க, அப்படித்தானுங்களே?"

தலைவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விதி அதுதான்" என்றார்.

அன்றைக்கு மணி அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை. மத்தியானமும் இல்லை, எடைக்கும் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு காற்றுக் குழாயில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். இந்த முறை தலைவர் தடுக்கவில்லை. மறுநாள் மணி அடித்தது. இன்ஜினியர்தான் ஓடி வந்தார். "அடிக்குதுங்க. கேட்டுச்சா? அப்பா நல்லாத்தான் இருக்காரு."

நான் கேட்டேன். மூன்று அடித்தது. ஆனால் மூன்றும் மூன்று விதமாக. ஒன்று ஓங்கி, ஒன்று தேய்ந்து, இன்னொன்று ஓரத்தில் பட்டு நழுவி. அப்புறம் அந்த ஓட்டம் வரவேயில்லை. தட்டித் தடுமாறி ஏழெட்டு அடி, அவ்வளவுதான். முப்பது வருஷமாகக் கேட்கிற கை எனக்குத் தெரியாதா? அது அப்பா கை இல்லை. யாரோ அப்பா மாதிரி அடிக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பட்டதும், எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது. நான் மணியைக் கேட்டுக்கொண்டிருப்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் வெளியே ஓடிவிடக் கூடாதென்று ஆள் வைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா போய்விட்டார். எனக்குத் தெரியக் கூடாதென்று மணியை நடத்துகிறார்கள்.

இன்றைக்கு யோசித்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். குடோனுக்குள் இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நேரே கதவுக்குப் போனேன். டாக்டர் குறுக்கே வந்து நின்றார். "இன்னும் ஒரு மாசம்தான். என் ரத்த மாதிரி எல்லாம் குப்பைக்குப் போயிரும். ப்ளீஸ்" என்றார். இன்ஜினியர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் மனசுக்குள் நான் திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தலைவர் மட்டும் இருந்த இடத்திலிருந்து பேசினார். குரலை உயர்த்தவில்லை. "எம் பொண்ணுக்குப் பிரசவம் ஆகி ஒரு மாசம் ஆகியிருக்கும். என்ன குழந்தை, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவையாவது கேட்டேனா? நீங்க ஒரு சத்தத்தை வெச்சுக்கிட்டு நாலு பேர் உழைப்பை உடைக்கப் போறீங்க."

"நீங்க கேக்காம இருந்தது உங்க இஷ்டம் சார். எனக்கு இருக்கறது அவரு ஒருத்தருதான். அவரு பொணத்தை நான் பாக்காம எடுத்தாங்கன்னா, அப்பறம் நான் செவ்வாய்க்குப் போனா என்ன, சந்திரனுக்குப் போனா என்ன."

தாழ்ப்பாளைத் தூக்கினேன். டாக்டர் என் கையைப் பிடித்தார். பிறகு அவராகவே விட்டுவிட்டார்.

வெளியே பனி. வெளிச்சம் கண்ணில் குத்தியது. உரித்துக் குவித்த காப்பிப் பழத் தோலின் வாசனை மூக்கில் ஏறியதும் தலை சுற்றியது. கொட்டகைக்கு ஓடினேன். கால் பழக்கமில்லாமல் இரண்டு தடவை விழுந்தேன்.

அப்பா அங்கேதான் இருந்தார். தண்டவாளத் துண்டுக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கை தோளிலிருந்து மூங்கில் பட்டையும் துணியுமாகக் கட்டப்பட்டு வீங்கிக் கிடந்தது. கம்பி அவர் மடியில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏஞ்சாமி, அதுக்குள்ள வந்துட்டே?"

"கைக்கு என்னாச்சுங்கப்பா?"

"காட்டெரும எறங்கிருச்சு கண்ணு. மணி அடிச்சுட்டு இருக்கறப்பவே இந்தப் பக்கமா திரும்பிருச்சு. ஓடறேன்னு காவாயில உழுந்துட்டேன். வேற ஒண்ணுமில்ல, எலும்பு." அவர் சிரித்தார். "சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி படுக்க வெக்கறேன்னாங்க. நாந்தான் போகல. மணி நின்னுபோச்சுன்னா நீ உள்ள இருந்து நொம்ப பயந்துருவியே. அதான் எடது கையில அடிச்சேன். கம்பியை ஆருக்கும் குடுக்கல. நல்லாக் கேட்டுச்சா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதேன். நான் உள்ளேயே இருக்க வேண்டும் என்றுதான் உடைந்த கையோடு இந்த மனுஷன் அடித்திருக்கிறார். அதைக் கேட்டுத்தான் நான் கதவைத் திறந்திருக்கிறேன்.

"ஏன் கண்ணு அழுவறே? உங்க வேலையெல்லாம் முடிஞ்சுதா? இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு சொன்னாங்களே. எனக்காகப் பாதியில வந்துட்டியா?"

கடைசிக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மற்ற மூவரும் வந்து நின்றிருந்தார்கள். வெளிச்சத்தில் மூன்று பேரும் காகிதம் போல வெளுத்திருந்தார்கள். மேலே பங்களாவிலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டே இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

தலைவர் அப்பாவின் கையைப் பார்த்தார். மடியில் இருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"முடிஞ்சிருச்சுங்கய்யா. நினைச்சதைவிட சீக்கிரமா முடிஞ்சிருச்சு. உங்க பொண்ணு நல்லபடியா முடிச்சுக் குடுத்தாங்க" என்றார்.

அப்பா அவருக்கு இடது கையால் கும்பிடு போட்டார்.

அன்று மத்தியானம் பரிசோதனைக்கு எங்கள் நாலு பேரையும் சேலத்துக்கு வேனில் அனுப்பினார்கள். அப்பாவையும் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். வளைவுக்கு வளைவு அவர் பேசிக்கொண்டே வந்தார். என் பொண்ணு அங்கெல்லாம் போகும்னு நான் கனாக் கூடக் கண்டதில்லீங்க என்றார். காட்டெருமை எவ்வளவு பெரிசு என்று காட்டினார். தலைவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் உடைந்த கை இடிபடாமல் தன் கையை முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தார். அடிவாரம் வரைக்கும் அவர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை.